கோத்தகிரியில் ஒரு மாதம் தங்க வீடு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆவணியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, அம்மாவோடு கோத்தகிரியில் ஒரு மாதம் தங்கலாம் என்று இருக்கிறேன். ஊர் சுற்ற அல்ல, ஓய்வுக்கு.

ஷிப்மென்ட் தேதி, சாம்பிள் அப்ரூவல், சாய ஆலையில் தாமதம் என்று ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். போன வாரம் அம்மா ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டார். முழுசாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வேலையில் தொடர்வதா வேண்டாமா என்பதையும் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டுகிற அளவுக்குக் கோத்தகிரியில் இருக்காது. கிழக்குச் சரிவு என்பதால் அங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அதனால்தான் ஆவணி.

சமையலறையோடு சின்ன வீடாக இருந்தால் போதும். அம்மாவுக்கு மூட்டுவலி, படி அதிகம் ஏற முடியாது. கீசர் கட்டாயம் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில்தான் வருவோம், அதனால் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வருகிறவர்கள் எடுக்கும் இ-பாஸ் பற்றிக் கவலை இல்லை.

அப்புறம் ஒன்று. தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடு, கரடி நடமாட்டம் உண்டே, காலையில் எத்தனை மணிக்கு மேல் நடக்கப் போகலாம்? லாங்வுட் சோலைப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா? அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்? அந்தப் பக்கத்து அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.