19 ஆயிரம் கொடுத்து வாங்கினால் கன்ட்ரோலர் கூடுதல் நாள் உழைக்குமா?

தறிச்சத்தம் எழுதியது:

நண்பர்களே, நாலு வருஷத்தில் மூன்றாவது கேம் கன்ட்ரோலரும் போய்விட்டது. இனி யாரையாவது கேட்காமல் வாங்கக் கூடாது என்றுதான் இங்கே எழுதுகிறேன். மூன்றுமே பெயர் பெற்ற கம்பெனிகளின் சாதாரண மாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்தாயிரத்துக்கு மேல். முதலாவதில் இடது ஸ்டிக் (கட்டைவிரலால் அசைக்கும் குச்சி) டிரிஃப்ட், நான் தொடாமலே ஆட்டக்காரன் தானாக ஓரமாக நடந்து போவான். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் ஸ்டிக் நன்றாக இருக்கிறது, ஆனால் வலது பம்பரை (ஆள்காட்டி விரலுக்கு மேல் விளிம்பில் இருக்கும் பட்டன்) இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை பதிகிறது. கீழே போட்டதில்லை, கோபத்தில் எறிந்ததில்லை, விளையாடி முடித்ததும் துடைத்து அலமாரிக்குள்தான் வைப்பேன். வேலை முடிந்து வந்து ராத்திரி 2 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான் என் பயன்பாடு. பெரும்பாலும் கால்பந்து, இடையிடையே ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை கேம்.

இதுவரை எல்லாம் பிசியில்தான். பொங்கலுக்குள் பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருக்கிறது, அதனால் டூயல்சென்ஸ் எட்ஜ் மேல் கண் போகிறது, பிஎஸ்5-இன் சாதாரண கன்ட்ரோலரான டூயல்சென்ஸுக்கு சோனி போட்ட பிரீமியம் மாடல். இந்தியாவில் 18,990 ரூபாய்க்கு வந்த பொருள். மூன்று சாதாரண கன்ட்ரோலருக்கு நான் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரே தடவை நல்லதாக வாங்கிப் போட்டால் எட்டு வருஷம் ஓடும் என்று நான் வீட்டில் சொன்னேன். "அந்தக் காசுக்கு உள்ளே என்ன வேறயா இருக்கு?" என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சால்டர்_மேசை எழுதியது:

தம்பி, வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. கன்ட்ரோலர் சர்வீஸ் செய்து பதினோரு வருஷம் ஆகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டர், ஒன்று இடம் வலம் பார்க்க, இன்னொன்று மேல் கீழ் பார்க்க. பழைய ரேடியோவில் வால்யூம் திருகும் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அதே சாமான்தான், அளவில் சின்னது. கரி பூசிய ஒரு பாதை, அதன் மேல் உரசிக்கொண்டே போகும் ஒரு உலோக நாக்கு. ரேடியோ பழசானதும் குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும் இல்லையா, கரி தேய்ந்து தூள் சேர்ந்ததால் வரும் சத்தம் அது. கன்ட்ரோலரில் அந்தக் கரகரப்பு காதுக்குக் கேட்காது, திரையில் ஆள் நடப்பதாகத் தெரியும். அதுதான் டிரிஃப்ட்.

பெரும்பாலான கம்பெனிகளின் கன்ட்ரோலரில் இருப்பது ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி செய்யும் மாடல், இல்லாவிட்டால் அதே வடிவத்தில் வேறு யாராவது செய்தது. அதற்கு 20 லட்சம் சுழற்சி ஆயுள் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கேட்க நிறையத் தெரியும். கால்பந்து விளையாடும்போது இடது ஸ்டிக்கை நிமிஷத்துக்கு நூறு தடவை அசைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 20,000 நிமிஷம் வருகிறது, அதாவது 333 மணி நேரம். தினம் 2 மணி நேரம் என்றால் ஐந்தரை மாதம். எல்லா அசைவும் முழுச் சுழற்சி இல்லை, குறித்த எண்ணைத் தாண்டியும் பல பெட்டிகள் உழைக்கும், அதனால் உங்களுக்கு ஒன்றரை வருஷம் வந்திருக்கிறது. நீங்கள் எதையும் தப்பாகப் பயன்படுத்தவில்லை. தேயும் பொருள், தேய்ந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டூயல்சென்ஸ் எட்ஜ் உள்ளேயும் பொட்டென்ஷியோமீட்டர்தான். மைக்ரோசாஃப்டின் பிரீமியம் மாடலான எக்ஸ்பாக்ஸ் எலீட் சீரிஸ் 2 உள்ளேயும் அதுதான். எலீட்டில் ஸ்டிக்கின் இறுக்கத்தை மாற்றலாம், இரண்டிலும் தலையைக் கழற்றி உயரமானது போடலாம், டிரிக்கர் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று வைக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் தேயும் இடம் அதே கரிப்பாதை. எலீட் 2 அமெரிக்காவில் 180 டாலருக்கு 2019-இல் வந்தபோது வாரண்டி 90 நாள்தான், அடுத்த வருஷம் அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட் அதை ஒரு வருஷமாக நீட்டியது. எட்ஜில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஸ்டிக் பெட்டி தனி மாட்யூல், நெம்பினால் கழன்று வந்துவிடும், சால்டர் வேண்டாம், புதியது அமெரிக்காவில் 20 டாலர். மற்றதில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்குக்கு போர்டில் சால்டர் செய்த 14 கால், எல்லாவற்றையும் சூடாக்கிப் பிரித்து எடுக்க வேண்டும். போர்டில் செம்பு உரிந்தால் தொலைந்தது.

அப்புறம் உங்கள் மூன்றாவது கன்ட்ரோலர். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பம்பருக்குக் கீழே ஒரு சின்ன டேக்ட் ஸ்விட்ச்தான் இருக்கும், சாமான் விலை பத்து ரூபாய்கூட வராது, மீதி வேலைக்கூலி.

பின்பட்டன் எழுதியது:

மேலே அண்ணா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பை மட்டும் வைத்து பிரீமியம் கன்ட்ரோலரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்கு வலது கட்டைவிரல் அடிமூட்டில் வலி உண்டு. வேலை முழுக்க டைப்பிங், ராத்திரி ஷூட்டர். சாதாரண கன்ட்ரோலரில் குதிக்க வேண்டும் என்றால் வலது ஸ்டிக்கை விட்டுவிட்டு விரலைத் தூக்கி பட்டனுக்குக் கொண்டுபோய், அழுத்திவிட்டுத் திரும்ப ஸ்டிக்குக்கு வர வேண்டும். ஒரு ராத்திரியில் இதை எத்தனை நூறு தடவை செய்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. பின்பக்கத்தில் பேடில் (விரலால் அழுத்தும் கூடுதல் பட்டன்) இருந்தால் குதிப்பதும் குனிவதும் நடுவிரலுக்குப் போய்விடும், கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகரவே வேண்டாம். எட்ஜ் வாங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. முதல் வாரம் கை பழகாமல் எரிச்சலாக இருந்தது, மூன்றாவது வாரத்தில் வலி குறைந்தது, இப்போது இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுப் பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறது. எனக்கு அந்த 18,990 அதற்குத்தான்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: எட்ஜின் பேட்டரி 1,050 எம்ஏஹெச், சாதாரண டூயல்சென்ஸில் 1,560. காசு மூன்று மடங்கு, பேட்டரி மூன்றில் இரண்டு பங்கு. பின்னால் பேடில் அமைப்பும் மாட்யூலும் இடத்தை எடுத்துக்கொண்டதால் இருக்கலாம். கேபிள் மாட்டி விளையாடுகிறவர்களுக்குக் கவலை இல்லை, சோபாவில் தள்ளி உட்காருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கால்பந்துக்கு மட்டும் என்றால் பேடில் அவ்வளவு தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கை நன்றாக இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள்.

டெட்ஸோன்_பூஜ்யம் எழுதியது:

நானும் ஒரு காலத்தில் "ஒரே தடவை பெரிதாக வாங்கிவிடலாம்" என்று ஒரு பெரிய கம்பெனியின் பிரீமியம் மாடல் வாங்கினேன். பெயர் வேண்டாம். பதினான்காவது மாதத்தில் பம்பர் போனது, வாரண்டி பன்னிரண்டு மாதம். சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்கவில்லை, புதியது வாங்கச் சொன்னார்கள். பிடிக்கு ஒட்டியிருந்த ரப்பரும் அதற்குள் ஓரத்தில் பிசுபிசுவென்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டது, நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்கிறது, பசை தாங்கவில்லை. அன்று இருந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. விலை உயர்ந்த பொருளில் ரிப்பேர் செய்ய வழி இல்லாமல் வைப்பது தப்பு.

அதற்குப் பிறகு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, ஸ்டிக் உள்ளே உரசும் பாகம் இருக்கிறதா இல்லையா. ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் கரிப்பாதையே கிடையாது. ஸ்டிக்கோடு ஒரு காந்தம் அசையும், சென்சார் அந்தக் காந்தப்புலத்தைத் தொடாமலே அளந்துவிடும். 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விஷயம்தான். 1998-இல் சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கேம் மெஷினின் கன்ட்ரோலரில் காந்த ஸ்டிக் போட்டே விற்றிருக்கிறார்கள், ஆனால் 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 கேம் மெஷினின் ஜாய்கான் கன்ட்ரோலரில்கூட நின்டெண்டோ பொட்டென்ஷியோமீட்டரைத்தான் வைத்திருக்கிறது. முதல் ஸ்விட்சின் டிரிஃப்டுக்காக 2020-இல் அந்தக் கம்பெனியின் தலைவரே மன்னிப்புக் கேட்ட பிறகும் இப்படி. எனக்கு இது புரியவே இல்லை.

சின்னக் கம்பெனிகள்தான் இதை மலிவாகக் கொண்டுவந்தார்கள். கேம்சர் ஜி7 எஸ்இ, கேபிள் மாடல், ஹால் ஸ்டிக், 2023-இல் 45 டாலருக்கு வந்தது, பிசியிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஓடும். 8பிட்டோ அல்டிமேட் 2-இல் டிஎம்ஆர் ஸ்டிக், 60 டாலர். டிஎம்ஆரும் காந்தம்தான், ஆனால் சென்சார் இன்னும் நுணுக்கமாக அளக்கும், கரண்ட் குறைவாக எடுக்கும், அதனால் வயர்லெஸ் மாடலுக்குப் பொருத்தம். என்னுடைய ஹால் கன்ட்ரோலர் கேபிள் மாடல்தான், இரண்டரை வருஷமாக ஓடுகிறது, பிரவுசரில் டெஸ்ட் செய்து பார்த்தால் ஸ்டிக்கை விட்டதும் இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கிறது.

காந்தம் போட்டுவிட்டால் சாகாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளரும், ஸ்டிக்கை அழுத்தும் ஸ்விட்ச் தேயும், சார்ஜ் போர்ட் ஆடும். டிரிஃப்டுக்கு முக்கியமான காரணம் ஒன்று போகிறது, அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம்.

பிஎஸ்5 என்று சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல். நான் மேலே சொன்ன எதையும் பிஎஸ்5 கேமுக்கு நேரடியாக மாட்ட முடியாது, சோனி அனுமதி வாங்கிய கன்ட்ரோலர்தான் வேண்டும். நேகான் ரெவல்யூஷன் 5 ப்ரோவில் ஹால் ஸ்டிக் இருக்கிறது, ஆனால் பிஎஸ்5 கேமில் வைப்ரேஷன் கிடையாது, விலையும் எட்ஜ் அளவு. நானாக இருந்தால் பெட்டியோடு வரும் டூயல்சென்ஸை வைத்தே ஆரம்பிப்பேன்.

தறிச்சத்தம் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கை நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, வலி எதுவும் இல்லை. அண்ணா, ஒரு சந்தேகம், பிஎஸ்5 கன்ட்ரோலரில் டிரிஃப்ட் வந்தால் அதில் காந்த ஸ்டிக்கை மாற்றிப் போட முடியுமா? இன்னொன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டால் சரியாகிவிடும் என்று வீடியோவில் பார்த்தேன், அது உண்மையா?

சால்டர்_மேசை எழுதியது:

முடியும் தம்பி. அதே 14 காலில் உட்காரும் ஹால், டிஎம்ஆர் பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. டூயல்சென்ஸுக்கு டிஎம்ஆர் வாங்குங்கள், ஹால் கொஞ்சம் கூடுதல் கரண்ட் எடுக்கும். மாற்றிய பிறகு நடுப்புள்ளி சரியாக உட்காராது, கேபிளில் மாட்டி குரோமில் ஓடும் கேலிப்ரேஷன் டூல் ஒன்று இருக்கிறது, அதில் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேயே டெஸ்ட் செய்து காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள். வாரண்டி இருக்கும்வரை யாரையும் திறக்க விடாதீர்கள், அதற்குள் டிரிஃப்ட் வந்தால் கம்பெனியிடமே கொடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர் இரண்டும் தூளைக் கழுவும். தூசு மட்டும்தான் பிரச்சினை என்றால் மாதக்கணக்கில் நிற்கும். கரியே தேய்ந்திருந்தால் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும், தேய்ந்த கரியை எந்தத் தண்ணியும் திரும்பக் கொண்டுவராது. எண்ணெய்ப் பசை உள்ள ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள், தூசு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று நீங்களே செய்யலாம். கேம் செட்டிங்கில் டெட்ஸோன் என்று இருக்கும், நடுவில் ஸ்டிக் எவ்வளவு அசைந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வைக்கும் அளவு. ஸ்டிக் லேசாக ஆடுகிற அளவுக்கு மட்டும் அதை ஏற்றிவிட்டால் டிரிஃப்ட் வந்த கன்ட்ரோலர்கூட இன்னும் சில மாதம் ஓடும். கால்பந்துக்கு அது போதும், ஷூட்டரில் குறி பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.

தறிச்சத்தம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கன்ட்ரோலரைக் கடையில் கொடுத்தேன். ஸ்விட்ச் மாற்றி 250 ரூபாய் வாங்கினார், அரை மணி நேர வேலை. பம்பர் புதியதுபோல் டிக் டிக் என்று பதிகிறது. வீட்டில் கிடந்த முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், முதலாவதன் போர்டு போய்விட்டது என்றார், இரண்டாவதுக்கு இரண்டு பக்கமும் ஹால் பெட்டி போடலாம் என்றார், 1,400 ரூபாய். சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன், வியாழக்கிழமை வாங்க வேண்டும். டெஸ்ட் செய்து காட்டினால்தான் காசு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எட்ஜ் இப்போதைக்கு இல்லை. பிஎஸ்5 வந்தால் பெட்டியில் இருப்பதை வைத்தே விளையாடுகிறேன். வியாழக்கிழமை வந்ததும் பிரவுசர் டெஸ்டில் ஸ்டிக் எங்கே நிற்கிறது என்று இங்கே போடுகிறேன், அண்ணா பார்த்துச் சொல்லுங்கள்.