பவளத் தொட்டியில் மணல் சேர்ப்பது: கழுவுவதா, கழுவாமல் விடுவதா?

நீலக்கடல் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடல்நீர்த் தொட்டி 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உடையது, நீரின் ஆழமும் 50 செ.மீ. இதுவரை அடியில் மணல் போடாமல் வெறும் கண்ணாடியாகவே வைத்திருந்தோம். இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் மீன் ஒன்றை வளர்க்க மகள் ஆசைப்படுவதால், பொடி அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணலை 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப எண்ணியிருக்கிறோம். மீன்களும் பவளங்களும் தொட்டியில் இருக்கும்போதே, நீர் கலங்காமல் இதைச் செய்ய முடியுமா? மணலைக் கழுவவே கூடாது என்கிறார் கடைக்காரர். இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பவளத்தோழன் (சாட்ஸ்வொர்த்):
சகோதரி, கட்டாயம் கழுவுங்கள். உங்கள் அளவுக்கு 30 லிட்டர் மணல் தேவை. அதாவது ஏறத்தாழ 40 கிலோ. நீரைக் கலக்குவது மணல் அல்ல, அதனோடு வரும் தூசிதான். அரை மில்லிமீட்டர் மணல் சில நொடிகளில் அடியில் போய் அமர்ந்துவிடும். நுண்தூசியிலோ, துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூசி உங்கள் தொட்டியின் ஆழத்தைக் கடக்க, அசையாத நீரில்கூட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகும். 2 மைக்ரான் தூசிக்கு ஒன்றரை நாள் ஆகலாம். வேவ்மேக்கர் (தொட்டிநீரை அலைபோல் ஓடவைக்கும் பம்ப்) ஓடினால் அது இறங்கவே இறங்காது. அந்தத் தூசியைத் தொட்டிக்குள் விட்டபின் துரத்துவதைவிட வாளியிலேயே வெளியேற்றிவிடுவது நல்லது.

வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணலைப் போட்டு, குழாய்நீரை வேகமாகப் பாய்ச்சி, கையால் அடிவரை கிளறிவிட்டு, மேலே நிற்கும் பால்போன்ற நீரை மட்டும் ஊற்றிவிடுங்கள். கிளறிய பிறகும் உள்ளங்கை தெளிவாகத் தெரியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

உப்புக்காற்று (பீனிக்ஸ்):
பவளத்தோழன் ஐயா சொல்லும் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவில்தான் மறுப்பு. நீங்கள் ஊற்றிவிடும் அந்தப் பாலில் தூசி மட்டுமா போகிறது? மிக நுண்ணிய மணலும் சேர்ந்தே போகிறது. நுண்ணுயிர்கள் ஒட்டி வளர அதிகப் பரப்பைத் தருவதும், சிறு புழுக்கள் வளை தோண்ட ஏற்றதும் அந்த நுண்மணல்தான். ஈரமாகவே பையில் அடைத்து விற்கப்படும் உயிர்மணலைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால், எந்த உயிருக்காக அதிக விலை கொடுத்தோமோ அதையே கொன்றுவிடுகிறோம். கலங்கல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகே கடல் கலங்காமலா இருக்கிறது? அங்கும் மீன்கள் வாழ்கின்றனவே.

பவளத்தோழன்:
உயிர்மணலைக் கழுவக் கூடாது என்பது சரிதான். ஆனால் சகோதரி வாங்கப்போவது உலர்ந்த மணலாக இருந்தால், அதில் கொல்வதற்கு உயிர் ஏதும் இல்லை. முகத்துவாரத்து மீன் கலங்கல் பிடிக்காவிட்டால் நீந்தி விலகிவிடும். தொட்டிப் பவளத்தால் நகர முடியுமா? தன்மேல் படிந்த தூசியைத் தள்ள அது சளியைச் சுரந்து வலுவைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பாறை இடுக்கில் படிந்த தூசியும் பம்ப் வேகம் கூடும்போதெல்லாம் மறுபடி கிளம்பும்.

ஆழ்கடல்_தம்பி:
ஒரு சிறு கேள்வி. டர்பன் கடற்கரை மணல் அலையில் கழுவப்பட்டுச் சுத்தமாகத்தானே இருக்கிறது? அதையே போட்டால் என்ன?

உப்புக்காற்று:
வேண்டாம் தம்பி, இதில் நானும் பவளத்தோழன் ஐயாவும் ஒரே கட்சியாகத்தான் இருப்போம். நம் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அரகோனைட்டைப் போலக் கால்சியம் கார்பனேட் அல்ல. கறுப்புக் கோடுகளாகத் தெரிவது இல்மனைட் போன்ற, இரும்பு கலந்த கனிமங்கள். டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே பகுதியில் இவற்றுக்காகவே மணலைத் தோண்டுகிறார்கள். காந்தம் கவரும் துகள்கள் பம்பின் சுழலிக்குள் புகுந்தால் அதைத் தேய்த்துவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் சேதமடைந்து, கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும் மறக்க வேண்டாம்.

நீலக்கடல்:
நான் வாங்கியது உலர்ந்த மணல்தான், ஆகவே கழுவிவிடுகிறேன். அதன்பின் தொட்டிக்குள் எப்படி இறக்குவது? மின்வெட்டு நேரத்தில் பம்புகள் எப்படியும் நின்றிருக்குமே, அப்போது செய்யலாமா?

பவளத்தோழன்:
முதலில் சுமார் 14 லிட்டர் நீரை எடுத்துவிடுங்கள்; மணல் அவ்வளவு இடத்தைப் பிடிக்கும். 50 மி.மீ. பி.வி.சி. குழாயின் அடிமுனையைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, மேல்முனையில் புனலை வையுங்கள். மணல் ஈரமாகவே இருக்கட்டும். உலர்மணலைக் கொட்டினால் ஒவ்வொரு துகளும் காற்றைப் பிடித்துக்கொண்டு வரும். அந்தக் குமிழிகள் மேலே ஏறும்போது தூசியையும் இழுத்துக்கொண்டு போகும். ஈரமணல் குழாய்க்குள் சரிந்து இறங்கி முனையருகே சிறு மேடாகக் குவியும். அப்போது குழாயை மெல்ல நகர்த்துங்கள். பாறைகள் கண்ணாடிமேல் இருக்கும்படியே விட்டு, அவற்றைச் சுற்றி நிரப்புங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம்.

உப்புக்காற்று:
ஒரே நாளில் வேண்டாம் என்பதே என் வாதம். 40 கிலோவையும் ஒருசேர இறக்கினால், அடிக்கண்ணாடியில் வாழும் உயிர்கள் எல்லாம் மூச்சு முட்டி அழுகும். அந்த அழுகலில் நுண்ணுயிர்கள் பெருகி நீர் வெள்ளையாகும். அது தூசியைவிட ஆபத்து, ஏனென்றால் அது ஆக்சிஜனைத் தின்கிறது. வாரம் ஒரு பகுதியாகப் போடுங்கள். மின்வெட்டை நம்பி வேலை செய்வதும் சரியல்ல. நம் ஊர்க் கோடையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும் தொட்டி ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று இல்லாமல் நெடுநேரம் நிறுத்தி வைக்காதீர்கள்.

கலங்கல் எந்த வகை என்று அறிய, தொட்டி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளைப் படலம் தங்கி மேல்நீர் தெளிந்திருந்தால் அது தூசி. அப்படியே மங்கலாக நின்றால் நுண்ணுயிர்ப் பெருக்கம். பின்னதென்றால் ஸ்கிம்மரையும் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) காற்று பம்பையும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும்.

பவளத்தோழன்:
குவளைச் சோதனையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் வாரவாரம் போட்டால், ஒவ்வொரு வாரமும் பவளங்களுக்குத் தொந்தரவு. முந்தைய நாளே அடியைச் சுரண்டி அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டால், அழுகுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்பதே என் நிலைப்பாடு. சகோதரி, எந்த வழியில் போட்டாலும் வேவ்மேக்கரை மீண்டும் இயக்கும்போது முனையை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மணலை நோக்கி வீசவிட்டால் முதல் இரவிலேயே ஒரு மூலையில் கண்ணாடி தெரியும் அளவுக்குக் குழி விழுந்துவிடும்.