டிங்கரிங் லேப், கைத்தொழில் பீரியட், வொக்கேஷனல் குரூப்: நம்ம திருநெல்வேலிப் பக்கம் பள்ளிகளில் நடந்ததைச் சொல்லுங்க

பேட்டை ஃபிட்டர்:
பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பார்க்கிற அறை, எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: சுவரில் ராக்கெட் படம், அலமாரி நிறைய ஆர்டுயினோ (மோட்டார், சென்சாரை இயக்குகிற சின்ன சர்க்யூட் போர்டு) கிட் பெட்டிகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குப்பைத்தொட்டி செய்து வைத்திருந்தாள். கையை நீட்டினால் மூடி திறக்கும். (எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தத் தொட்டி உண்டு, தெருவில்தான் ஒன்றையும் காணோம்.) மூடி பாதியில் நின்றுவிட்டது. மூடியைத் திறக்கிற சர்வோ மோட்டாரைப் பிடித்திருந்த திருகு லூஸ். "முடுக்கி விடும்மா" என்று என் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "கிட்டுல எதையும் கழட்டக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காங்க."

மூலையில் 3டி பிரிண்டர் உறை போட்டு நின்றது. தூக்கிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கிறது. அதில் போட்டுப் பொருள் செய்கிற பிளாஸ்டிக் சுருளின் கவரை இன்னும் பிரிக்கவே இல்லை. அதைக்கூட மறந்துவிடலாம், அந்தப் பிள்ளை கையைப் பின்னால் கட்டியதுதான் மறக்கவில்லை.

அம்பை கணக்கு டீச்சர்:
அண்ணாச்சி, அந்த சாரைக் குறை சொல்வது சுலபம். அடல் டிங்கரிங் லேபுக்கு மத்திய அரசு 20 லட்சம் கொடுக்கிறது என்று ஊரே பேசும். அதில் 10 லட்சம் அமைப்பதற்கு, மீதி 10 லட்சம் அதிகபட்சம் 5 வருஷத்துக்கு நடத்துகிற செலவுக்கு. அதற்குப் பிறகு சுருள் தீர்ந்தால் யார் வாங்குவது? ஏதாவது உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்லணும். நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

என் கதை வேறு. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று போர்டில் நிரூபித்து முடித்திருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், வீட்டில் மரக் கடைசல் பட்டறை, சொப்புச் சாமான் செய்கிற குடும்பம். மேசையில் பேப்பர் வெயிட்டாகக் கிடந்த வட்ட மரத்துண்டைக் கொடுத்து, இதற்கு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்தான். செங்கோண முனையை விளிம்பில் வைத்தான். அதன் இரண்டு பக்கமும் விளிம்பைத் தொடுகிற இடங்களில் புள்ளி வைத்து, சேர்த்து ஒரு கோடு. துண்டைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிய இடத்தை நகத்தால் குத்திக் காட்டினான். "பட்டறையில இப்படித்தான் டீச்சர் மையம் பிடிப்போம்." முழுப் பத்து நொடி ஆகியிருக்காது.

காலாண்டுத் தேர்வில் அதே தேற்றம் வந்தது. அவன் தாளில் கேள்வி எண் மட்டும் இருந்தது.

ஈஎம்ஏ பேட்ச்:
டீச்சர், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது அவனை எங்கே தள்ளுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வொக்கேஷனல் குரூப். 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது, அன்றிலிருந்து அது மார்க் குறைந்தவன் குரூப்தான். நான் படித்தது எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் அண்ட் அப்ளையன்சஸ், சுருக்கமாக ஈஎம்ஏ.

பிராக்டிகல் பரீட்சை. எரிந்துபோன மோட்டார் ஒன்றை நானே ரீவைண்டிங் பண்ணியிருந்தேன். பழைய கம்பியை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, கம்பி உட்காருகிற காடிக்குள் காகிதம் வைத்து, வார்னிஷ் அடித்துக் காயவைத்து, எல்லாம் என் கை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மோட்டார் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார். "மார்ஜின் ஏன் போடல?" அவ்வளவுதான். அவர் டீ குடிக்கப் போனதும் நான் ஸ்விட்சைப் போட்டேன், மோட்டார் ஓடியது. பார்க்க நானும் அட்டெண்டர் அண்ணனும்தான் இருந்தோம்.

பாளை ஓய்வு:
எங்கள் காலத்தில் தச்சு வகுப்பு உண்டு. இழைப்புளி ஓட்டினால் சீவல் சுருள் சுருளாக வரணும், தூளாக வந்தால் வாத்தியார் பிடுங்கிவிடுவார். நிற்க.

பேட்டைத் தம்பி, டீச்சரம்மா, இருவருக்குமே சொல்கிறேன். ஆர்டுயினோவில் ஆரம்பிப்பதே கோளாறு. மோட்டாரைத் தொடுமுன் அட்டையில் மாதிரி செய்யச் சொல்லுங்கள். அட்டை கெட்டால் ரிஜிஸ்டரில் வராது. யாருக்காகச் செய்கிறோம், அவருக்கு எது கஷ்டம் என்று முதலில் கேட்டு எழுதணும், அப்புறம் படம் வரையணும், பிறகுதான் அட்டை, அதற்கும் பிறகுதான் மரமும் மோட்டாரும். தொட்டியைச் செய்துவிட்டு உபயோகத்தைத் தேடக் கூடாது. அரம், உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம் இவை போதும், பெரிய காசு இல்லை. டிரில்லிங் மெஷின் வைத்தால் துப்பட்டா, தொங்குகிற முடி, கையுறை மூன்றும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள், சுற்றுகிற பிட் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சால்டரிங் பண்ணினால் சாப்பிடுமுன் கை கழுவச் சொல்லுங்கள், ஈயம் இருக்கும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளை 10 நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் அனுப்பச் சொல்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, சரி. அதற்காகப் பத்தமடைக்கு பஸ் ஓடாமலா போயிற்று? கோரையைக் கீறி ஊறவைத்துப் பாய் நெய்கிறதை ஒரு நாள் பார்க்கட்டும். காருகுறிச்சியில் குயவர் சக்கரத்தில் கை வைக்கட்டும்.

மேலப்பாளையம் உம்மா:
பெரியவரே, நடந்ததைத்தான் கேட்டார்கள், பாடத்திட்டத்தை இல்லை. அதோடு பத்தமடைக்குக் கூட்டிப் போனாலும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பேட்டைக்காரர் சொன்னது அதைத்தானே.

என் மகன் எட்டாவது. அவன் வாப்பா டெய்லர். பள்ளியில் வாரம் ஒரு நாள் தையல், ஆனால் பெண் பிள்ளைகளுக்கு மட்டும். பையன்களுக்கு அந்த நேரம் கிரவுண்டு. இவன் போய் ஜன்னலோரம் நின்று பார்த்திருக்கிறான். ஒரு பிள்ளையின் மிஷினில் நூல் அறுந்து அறுந்து வந்திருக்கிறது. இவன் ஜன்னல் வழியாகவே, "நூல் டென்ஷனைக் குறைக்கணும், ஊசியும் திரும்பி இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். மிஸ் வந்து காதைத் திருகி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "ஊசி திரும்பித்தான் இருந்துச்சு உம்மா" என்றான். அழவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஈஎம்ஏ பேட்ச்:
உம்மா, மிஷின் எந்த மாடல்? சிலதில் ஊசியின் தட்டைப் பக்கம் வலது கையைப் பார்க்கணும், சிலதில் பின்னால் இருக்கணும். பையன் அதை ஜன்னலிலிருந்து கண்டுபிடித்திருந்தால் கில்லாடிதான்.

டீச்சர், ஒரு சந்தேகம். மரத்துண்டு பெரியது, மூலைமட்டம் சின்னது, விளிம்பை எட்டவில்லை என்றால் உங்கள் பையன் என்ன செய்வான்?

அம்பை கணக்கு டீச்சர்:
அதையும் கேட்டேன். "துண்டைப் பேப்பர்ல வச்சு சுத்தி வரைஞ்சு வெட்டுங்க டீச்சர். பாதியா மடிங்க, பிரிச்சு வேற பக்கம் பாதியா மடிங்க. மடிப்பு ரெண்டும் எங்க வெட்டுதோ அங்க ஆணியை வச்சு மரத்துல அடிங்க" என்றான்.