யூமேட்டை வியூமேட்டாக மாற்றியபின்: அமுக்கத்தில் சரி, ஷியரில் பாதி

கஞ்சிக்கோட்டான்:
வணக்கம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் (சூடான உலோகத்தை அச்சில் அழுத்தி வடிக்கும் இடம்) பணிபுரிகிறேன். 1045 எஃகின் மறுபடிகமாதலையும் (சூட்டில் நசுங்கிய படிகங்களுக்குப் பதில் புதியவை உருவாவது) கணக்கில் கொள்ளும் பாய்வுத் தகைவுச் சமன்பாடு (எஃகு நிரந்தரமாக உருமாறத் தேவையான தகைவைத் தருவது) ஒன்றை ஃபோர்ட்ரானில் எழுதி, அபாகஸ் என்ற கணினிப் பகுப்பாய்வு மென்பொருளின் ஸ்டாண்டர்டு பகுதியில் யூமேட்டாக (UMAT, பயனர் தானே எழுதும் பொருள்பண்பு நிரல்) ஓட்டிவந்தேன். 1100 பாகை செல்சியஸில் பில்லட் (எஃகுக் கட்டி) அச்சை நிறைப்பதைப் பார்க்க அதே மென்பொருளின் இன்னொரு பகுதியான எக்ஸ்ப்ளிசிட்டுக்கு மாற வேண்டியிருந்ததால், அதையே அங்கு ஓடும் வியூமேட்டாக (VUMAT) மாற்றினேன். ஒற்றை எலிமெண்டை அமுக்கினால் விடை கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது. ஷியர் (பக்கவாட்டுச் சறுக்கு) கொடுத்தால் மீட்சிப் பகுதியில் தகைவு பாதி அளவே ஏறுகிறது. போதாக்குறைக்கு, எவ்வளவு நசுக்கினாலும் வெப்பநிலை ஒரு பாகைகூட உயரவில்லை. இங்கே கணவாய்க் காற்றில் பில்லட் ஆறுவதையும் பிறகு சேர்க்க வேண்டும் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

சித்தூர்க்காரர்:
யூமேட்டுக்கு வரும் ஷியர் திரிபு பொறியியல் திரிபு; வியூமேட்டுக்கு வருவதோ அதில் பாதியான டென்சர் திரிபு. ஆகவே பழைய வரியில் ஷியர் குணகத்தை 2 ஆல் பெருக்குங்கள். அமுக்கத்தில் ஷியர் கூறே இல்லாததால்தான் அந்தச் சோதனை உங்களை ஏமாற்றியிருக்கிறது. ஷியர் கூறுகளின் வரிசையும் வேறு (எண்கள் அச்சுகளைக் குறிக்கும்): யூமேட்டில் 12, 13, 23; வியூமேட்டில் 12, 23, 31. உங்கள் எஃகு எத்திசையிலும் ஒன்றே என்பதால் இது இப்போது உறுத்தாது. உருட்டிய தகட்டுக்கு ஹில் விதியை (திசைக்குத் திசை வலிமை மாறும் உலோகத்துக்கானது) எழுதும் நாளில் உறுத்தும்.

வெப்பத்துக்கு, மீட்சியற்ற ஆற்றல் மாறியை நீங்களே நிரப்ப வேண்டும். அது ஒரு நிறை அலகுக்கான ஆற்றல், ஆகவே அடர்த்தியால் வகுக்க வேண்டும். மில்லிமீட்டர், டன், நொடி அலகுகளில் எஃகின் அடர்த்தி 7.85 பெருக்கல் 10 இன் அடுக்கு −9. வகுக்க மறந்தால் வெப்பம் பத்து கோடி மடங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

கோவைவாசி:
கடினமாதல் (உருமாற உருமாற ஈல்டு தகைவு மாறும் விதம்) மட்டும் நீங்கள் எழுதுவது என்றால் வியூமேட்டே தேவையில்லை. வியூஹார்டு (VUHARD) என்ற சிறிய நிரலில் ஈல்டு தகைவையும் (நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு), திரிபு, திரிபு வீதம், வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்த அதன் வகைக்கெழுக்களையும் கொடுத்தால், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மறுபடிகமான பங்கை நிலை மாறியாக வைத்துக்கொள்ளலாம். திரிபு வீதம் சுழியாகும்போது மடக்கை எடுக்காதபடி ஒரு கீழ்வரம்பு மட்டும் வையுங்கள். காற்றைப் பற்றி: 1100 பாகையில் பெரும் இழப்பு கதிர்வீச்சால்தான், அதை முதலில் சேருங்கள்.

கஞ்சிக்கோட்டான்:
அடர்த்தியால் வகுக்கத்தான் மறந்திருந்தேன். சராசரித் தகைவு 100 மெகாபாஸ்கல், திரிபு 0.8 என்று வைத்தால், வேலையில் 90 விழுக்காடு வெப்பமாகும் கணக்கில் ஏறத்தாழ 14 பாகை உயர வேண்டும். இப்போது அதையொட்டியே வருகிறது. ஷியரும் சரியாகிவிட்டது. வியூஹார்டில் அடுத்த வாரம் மீண்டும் எழுதிப் பார்க்கிறேன், ஐயா.