'மேலத்தெரு வீடு' குழு: கிணற்றுக்கு வளையம்

வியாழன், காலை 6:41
முருகேசன் சித்தப்பா: கிணற்று மூடிக்குப் பட்டறையில் சொல்லிவிட்டேன். வளையத்துக்குச் சுற்றளவு கேட்கிறார். இன்று பட்டை வெட்டினால்தான் சனிக்கிழமை மாட்ட முடியும்.

6:44
கவிதா: சித்தப்பா, ஞாயிறு காதுகுத்துக்குக் குழந்தைகள் மட்டும் பதினாறு பேர் வருகிறார்கள். மூடி இல்லாமல் கொல்லைக் கதவைத் திறக்கவே கூடாது.

6:45
ராணி அத்தை: குமார் விழுந்த கிணறு அது. மறக்க முடியுமா

6:45
ராணி அத்தை: சின்ன அண்ணன் வேட்டியோடு குதித்ததும்

6:52
செந்தில்: அளவு போன பொங்கலுக்கே எழுதிக் கொடுத்தேனே. குறுக்கே 5 அடி. சுற்றி 15 அடி 9 அங்குலம்.

6:58
முருகேசன் சித்தப்பா: தவறு. இப்போதுதான் கயிறு சுற்றி எடுத்தேன். 20 அடி 5 அங்குலம்.

6:59
செந்தில்: அஞ்சு அடி வித்தியாசமா?

6:59
செந்தில்: நைலான் கயிறு இழுபட்டிருக்கும் சித்தப்பா

7:03
முருகேசன் சித்தப்பா: கயிறு இழுபடவில்லை. பாகம் பிரித்த அன்றும் என் அளவைத்தான் தப்பு என்றீர்கள். கடைசியில் சர்வேயர் வந்து என்ன சொன்னார்?

7:04
ராணி அத்தை: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்

7:04
ராணி அத்தை: பெண் பிள்ளைகளுக்கு வளையல் வாங்கப் போகிறேன். அளவு போடுங்கள். 2-2, 2-4, எது என்று

7:05
கவிதா: நித்திக்கு 2-4 அத்தை

7:21
பெரியப்பா: முருகேசா, செந்தில், இரண்டு பேரும் பொறுங்கள். இரண்டு அளவும் சரி. செந்தில் எடுத்தது உள்வட்டம். முருகேசன் கயிறு சுற்றியது வெளிவட்டம். நடுவில் சுவர் இருக்கிறது. வித்தியாசம் 4 அடி 8 அங்குலம், அதாவது 56 அங்குலம். அதை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுங்கள். ஏறக்குறைய 18 வரும். இரு பக்கச் சுவருக்கும் சேர்த்து 18 என்றால் ஒரு பக்கம் 9 அங்குலம். முருகேசா, சுவர் கனத்தை அளந்து பார்.

7:22
கவிதா: 🙏

7:30
முருகேசன் சித்தப்பா: 9 அங்குலம்தான் அண்ணே.

7:31
செந்தில்: சரி

7:38
பெரியப்பா: செந்தில், குறுக்களவை எப்படி எடுத்தாய்? கிணற்றுக்கு நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. டேப்பின் ஒரு முனையை விளிம்பில் வைத்துவிட்டு, மறு முனையை எதிர் விளிம்பில் மெல்ல நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் அளவு அதிகமாக வருகிறதோ அதுதான் விட்டம். சும்மா குறுக்கே பிடித்தால் நடுவை விட்டு விலகிக் குறைவாகத்தான் வரும். பழைய கிணறு வேறு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கலாம். மூன்று திசையில் பார்த்து மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அதை வட்டம் என்று நம்பலாம்.

7:40
செந்தில்: அப்படித்தான் எடுத்தேன் அப்பா. துணி துவைக்கும் கல் பக்கம் மட்டும் கால் அங்குலம் குறைந்தது.

7:47
குமார் (துபாய்): இப்போதுதான் பார்த்தேன். மூடிக்கு ஆகிற பணம் என்னுடையது. யாரும் பேசக் கூடாது.

7:48
ராணி அத்தை: பணம் இருக்கட்டும். நீ வருகிறாயா? தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா?

7:48
குமார் (துபாய்): லீவு கேட்டிருக்கிறேன் அத்தை

7:49
ராணி அத்தை: போன மாதமும் இதையே சொன்னாய்

7:55
கவிதா: பெரிய தாத்தா, நான் நித்தி. அம்மா போனில் எழுதுகிறேன். எங்களுக்கு இப்போது வட்டம் பாடம்தான். 22/7 எங்கிருந்து வந்தது? டீச்சர் மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள்.

8:12
பெரியப்பா: கண்ணு, நல்ல கேள்வி. எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றளவு விட்டத்தைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். வளையலானாலும் கிணறானாலும் அந்த மடங்கு மாறவே மாறாது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தேடித்தான் எல்லாரும் அலைந்தார்கள். ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்க உருவங்கள் வரைந்து, அது மூன்றே ஏழில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு என்று காட்டினார். மூன்றே ஏழில் ஒன்றுதான் 22/7. 499-இல் ஆரியபட்டர் விட்டம் 20000 என்றால் சுற்றளவு 62832 என்றார். அது 3.1416, இன்னும் நெருக்கம். உன் கொள்ளுத் தாத்தா எனக்குக் களத்துமேட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்த வழி வேறு. விட்டத்தை ஏழு பங்காக்கு. நான்கு பங்கை விட்டத்தோடு சேர். வந்ததை இரட்டி. ஏழும் நான்கும் பதினொன்று, இரட்டித்தால் இருபத்திரண்டு. அதே 22/7. பென்சில் வேண்டாம். நம் கிணற்றுக்கு 22/7 போட்டால் வரும் பிழை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான்.

8:13
செந்தில்: அப்பா, பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்

8:14
ராணி அத்தை: அவர் வாத்தியார் வேலையை விட்டார், வேலை அவரை விடவில்லை 😄

8:15
கவிதா: அத்தை, நித்தி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதட்டும்.

8:20
முருகேசன் சித்தப்பா: ஆசாரி கேட்கிறார், 245 அங்குலத்தில் வெட்டலாமா?

8:26
பெரியப்பா: கூடாது. அது சுவரின் சுற்றளவு. வளையம் அதே அளவில் இருந்தால் இறங்காது. சுற்றிலும் அரை அங்குலம் இடைவெளி வேண்டும். விட்டத்தில் ஒரு அங்குலம் கூடும், சுற்றளவில் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் கூடும். கிணறு எத்தனை பெரிதானாலும் இதே மூன்றுதான், ஊர்க் குளத்துக்கு வளையம் போட்டாலும்.

8:27
பெரியப்பா: பட்டையின் கனத்தையும் சேர். கால் அங்குலப் பட்டை என்றால் இன்னும் முக்கால் அங்குலம். மொத்தம் 249. அதாவது 20 அடி 9 அங்குலம்.

8:31
முருகேசன் சித்தப்பா: கனத்தை ஆசாரியும் சொன்னார் அண்ணே. நம் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டது இவருடைய அப்பாவாம். அதற்கு நேர்மாறாகச் செய்வாராம். சக்கரத்தைவிடப் பட்டாவைக் கொஞ்சம் சின்னதாக வைத்து, வரட்டி அடுக்கிக் காய்ச்சி, சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளுமாம்.

8:32
ராணி அத்தை: அந்த வண்டியில்தான் என்னைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போனீர்கள்

8:33
முருகேசன் சித்தப்பா: ஆமாம். நான்தான் ஓட்டினேன்.

8:40
முருகேசன் சித்தப்பா: ஒரு சிக்கல். பட்டை ஒரு நீளம் 6 மீட்டர்தான், 19 அடி 8 அங்குலம். ஒட்டுப் போட வேண்டுமாம்.

8:43
செந்தில்: சுவருக்கு மேலேயே உட்கார வைத்தால்? சுவரின் நடுவில் குறுக்களவு 69 அங்குலம். சுற்றி 18 அடி 1 அங்குலம். ஒரே பட்டை போதும்.

8:45
முருகேசன் சித்தப்பா: மேலே வைத்தால் மாடு முட்டித் தள்ளிவிடும். வெளியே கவ்வினால்தான் நிற்கும்.

8:46
செந்தில்: போல்ட் போடலாமே

8:46
முருகேசன் சித்தப்பா: பழைய செங்கல். துளை போட்டால் பெயரும்.

8:49
கவிதா: எதுவானாலும் குழந்தை கை உள்ளே போகாத மாதிரி கம்பி நெருக்கமாக இருக்க வேண்டும்.

8:50
ராணி அத்தை: இலைக்கு எத்தனை பேர் என்று யாராவது சொன்னீர்களா?

8:52
குமார் (துபாய்): வெளியே கவ்வுகிற மாதிரியே செய்யுங்கள் சித்தப்பா. ஒட்டு விழுந்தால் விழட்டும்.

8:53
பெரியப்பா: ஒட்டு வைக்கிற இடம் துவைகல் பக்கம் வேண்டாம். தண்ணீர் பட்டுத் துரு ஏறும்.

8:53
செந்தில்: மூன்று திசை அளவை இன்னொரு தடவை எடுக்காமல் வெட்ட வேண்டாம் சித்தப்பா. அந்தக் கால் அங்குலம் இருக்கிறது.

8:55
முருகேசன் சித்தப்பா: இடைவெளி அரை அங்குலம் விடுகிறோமே, போதாதா?

8:56
செந்தில்: போதும் என்றுதான் நினைக்கிறேன். நான் நாளை இரவே வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.

8:57
முருகேசன் சித்தப்பா: நாளை என்றால் சனிக்கிழமை ஆகாதே. சரி, ஆசாரியிடம் கேட்கிறேன். நீ வா. இங்கேயே சாப்பிடு.

9:10
கவிதா: பெரிய தாத்தா, நித்தி. வளையலில் 2-4 என்றால் என்ன?

9:14
பெரியப்பா: உள்விட்டம் 2 அங்குலமும், அங்குலத்தைப் பதினாறாக்கினால் அதில் 4 பங்கும். அதாவது இரண்டே கால். சுற்றளவு நீயே போடு.

9:22
கவிதா: 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம் வருகிறது. பாட்டி, உங்கள் வளையல் எத்தனை?

9:23
ராணி அத்தை: 2-8 கண்ணு

9:31
கவிதா: அப்போது ஏழே முக்காலைத் தாண்டும், எட்டு வராது. வந்ததும் நூல் வைத்துப் பார்க்கிறேன்.

9:33
ராணி அத்தை: இலைக் கணக்கு???