கூண்டிலிருந்து வந்த கோழி முக்குகிறது, முட்டை வரவில்லை

வணக்கம். நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்றில் முட்டைக் காலம் முடிந்து கறிக்கு ஏற்றவிருந்த 4 வெள்ளைக் கோழிகளைப் போன மாதம் வாங்கி வந்தேன். 72 வாரம் தாண்டியவை; வளர்ந்த பிறகு கம்பிக் கூண்டைத் தவிர எதையும் பார்க்காதவை. மண்ணில் இறக்கிவிட்டபோது நடக்கத் தெரியாமல் திகைத்து நின்றன. மூன்றாம் நாள் ஒன்று காலால் மண்ணைச் சீய்த்தது. அதைப் பார்க்க அம்மா பக்கத்து வீட்டுக்காரரையே கூப்பிட்டுவிட்டார்!

மூன்று தேறிவிட்டன, உதிர்ந்த இறகும் முளைக்கிறது. நான்காவதுதான் கவலை. முந்தாநாள் ஓடு பிடிக்காத தோல்முட்டை இட்டது. நேற்றிலிருந்து வாலைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. அடிக்கடி முக்குகிறது, முட்டை வரவில்லை. தண்ணீர் குடிக்கிறது, தீனியைத் தொடவில்லை. கழுத்தடியில் உள்ள தீனிப்பை காலியாக இருப்பதால் அங்கே அடைப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் உட்காரவைத்தேன். சற்று அமைதியானது, அவ்வளவுதான். கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்தும் சீண்டவில்லை.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழிக்குக் கால்சியம் மருந்து எவ்வளவு கொடுக்கலாம்? உள்ளே முட்டை சிக்கியிருந்தால் நானே எடுக்க முயலலாமா, உடைந்துவிடுமா? ஒற்றைக் கோழியையும் பொறுமையாகப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ராசிபுரம் பக்கம் இருக்கிறாரா?

அறுத்துவிடச் சொல்லி ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். நான்காவது ஆள் வேண்டாம்.