தாங்கலின் சேற்றை விட்டுவையுங்கள்

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பள்ளிக்கரணையில் உள்ள நம் தாங்கலை, அதாவது ஊர்ச் சிற்றேரியை, சீரமைப்பதற்காகச் சேர்த்துவரும் தொகையைப் பற்றியும், ஒப்பந்தக்காரர் கொடுத்திருக்கும் வரைபடத்தைப் பற்றியும் கடந்த சில வாரங்களாக இக்குழுவில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர், சுற்றிலும் ஓடு பதித்த நடைபாதை, நடுவில் நீரூற்று, கரையோரம் குல்மோஹர் வரிசை என்று அந்த வரைபடம் பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. துபாயிலிருந்து எழுதிய தம்பி, ஊரில் இன்னும் மிச்சமிருப்பது என்ன என்று கேட்டு, மிச்சமிருப்பதற்காவது ஏதேனும் செய்வோம் என்று உருக்கமாக முடித்திருந்தார். ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் ஒருவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். மிஞ்சியிருப்பவை எப்படி மிஞ்சின என்பதைக் கவனித்துப் பார்த்தால், இந்த வரைபடம் அவற்றுக்கு உதவாது என்பது மட்டுமன்று, இத்தனை இடர்களுக்கும் தப்பியவற்றை நம் கையாலேயே அழித்துவிடும் என்றும் நான் கருதுகிறேன்.

நம் பள்ளிக்கரணை கடந்த சில ஆண்டுகளில் பட்டதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. அடுத்த மூன்றாம் ஆண்டிலேயே, 2019 கோடையில், சென்னை நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, அந்தப் புகை நம் தெருக்களில் நாள் கணக்கில் தங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம் சூழ்ந்து, மீட்புப் படகு வந்தது. ஒரே மண் வெள்ளத்தையும் வறட்சியையும் தீயையும் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்துப் பார்த்த பிறகும் அதில் உயிர்கள் இருக்கின்றன என்பதே என்னை வியக்க வைக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் கழிமுகத்தில் கடலை அடையும் பாதையில் நம் ஊர் இருக்கிறது. நீர் நின்று போகும் தாழ்ந்த நிலமாக இருப்பதே இவ்வூரின் இயல்பு. அந்தத் தாழ்வுதான் இங்குள்ள உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நத்தையிலிருந்து தொடங்குகிறேன். 2019 கோடையில் நம் தாங்கல் முழுவதும் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததை அப்போது விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வெடிப்புகளுக்குள்ளே, ஒரு சாண் ஆழத்துக்கும் கீழே, நத்தைகள் இருந்தன. குளத்து நத்தைக்கு நீரில் மூச்சுவிடச் செவுளும், காற்றில் மூச்சுவிட நுரையீரல் அறையும் இரண்டுமே உண்டு. நீர் குறையத் தொடங்கியதும் அது சேற்றுக்குள் இறங்கி, ஊறுகாய் ஜாடியை மூடுவது போல ஓட்டின் வாயைத் தன் மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, இரையும் இயக்கமும் இன்றி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஐப்பசி மழை இறங்கிச் சேறு இளகியதும் வெளியே வரும். அது வெளியே வந்த சில நாட்களுக்குள் நத்தைகுத்தி நாரைகள் வந்துவிடும். அந்த நாரையின் அலகு முழுவதும் மூடாமல் நடுவில் இடைவெளி விட்டிருப்பதை நீங்கள் சிறுவயதில் கவனித்திருக்கலாம். நத்தையின் உடலை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் வேலைக்கு அமைந்த அலகு அது. நத்தை மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்காவிட்டால், மழை பெய்து தாங்கல் நிரம்பினாலும் நாரைக்கு இங்கே வேலை இல்லை.

விரால் மீனும் இதே வழியில்தான் பிழைக்கிறது. காற்றை நேரடியாக மூச்சாக இழுக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், குளம் சுருங்கிக் குட்டையாகி, குட்டை சுருங்கிச் சேறாகும்போதும் ஈரம் இருக்கும்வரை அது உயிர்வாழும். தண்ணீர் திரும்பியதும் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் நகர்வதையும், அடியில் தாய்மீனும் தகப்பன் மீனும் காவல் சுற்றுவதையும் நம் தாங்கலின் மேற்குக் கரையில் இப்போதும் பார்க்கலாம். பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிப் பின்புறமாகவே உள்ளே இறங்கிக் கோடையைக் கழிக்கும் தவளைகள் உண்டு. ஆம்பலும் கொட்டியும் கிழங்குகளாகச் சேற்றின் அடியில் இருக்கின்றன. கோரையை வெட்டினாலும் கொளுத்தினாலும் அதன் வேர்க்கிழங்கு கீழே இருக்கிறது. மேலே ஒன்றுமே இல்லாத வெற்றுத் தரை என்று நாம் நினைக்கும் வைகாசி மாதத்தில்தான் நம் தாங்கலின் பெரும்பகுதி உயிர்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன.

இதனால்தான் வரைபடத்தில் உள்ள இரண்டு வேலைகளை நான் எதிர்க்கிறேன். ஒன்று, ஒரே கோடையில் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, தாங்கல் முழுவதையும் சீராக வழித்து ஆழப்படுத்துவது. தூர் வாருவது தேவையான வேலைதான். நம் பெரியவர்களும் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தவர்களே. ஆனால் அவர்கள் மண்வெட்டியாலும் கூடையாலும் ஆங்காங்கே எடுத்தார்கள். எடுக்காத இடத்தில் எல்லாம் மிஞ்சியிருந்தன. இயந்திரம் ஒரே வாரத்தில் அடுத்த பருவத்துக்கான நத்தையையும் கிழங்கையும் லாரியில் ஏற்றி வெளியே அனுப்பிவிடும். பாதியை இந்தக் கோடையிலும் மீதியை இரண்டு மழைக்காலம் கழித்தும் வாரினால் செலவு கொஞ்சம் கூடும் என்பதை நான் அறிவேன். அந்தச் செலவு வீண்செலவன்று.

மற்றொன்று கான்கிரீட் சுவர். மண்கரை சரிவாக இருந்தால்தான் நீர் மெல்ல மெல்லப் பின்வாங்கும். அந்த ஈர விளிம்பில்தான் கொக்கும் உள்ளானும் இரை தேடும், தாழைக்கோழி கோரைக்குள் கூடு கட்டும், தவளை ஏறி இறங்கும். செங்குத்தான சுவர் வந்தால் உள்ளே விழுந்த கன்றுக்குட்டிகூட ஏற முடியாது. கரை அரிக்கும் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீர் திறந்துவிடும் மதகும் உபரிநீர் வழியும் கலங்கலும் உள்ள இடங்களில் மட்டும் கல் பதித்தால் போதும். மற்ற இடங்களில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மரங்களுக்கு வருகிறேன். வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய அந்த ஒரே நாளில் சென்னையில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. தெருவோரம் விழுந்து கிடந்தவற்றில் பெரும்பாலானவை குல்மோஹர், தூங்குமூஞ்சி, இயல்வாகை ஆகியவையே என்பதை நாங்கள் வெட்டி அகற்றும்போதே கண்டோம். குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்தும் தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வந்தவை. அவை விரைவாக வளரும், அகலமாகக் குடை விரிக்கும், ஆனால் கிளை எளிதில் முறியும். நடைபாதைச் சிமெண்டுக்குள் நெருக்கப்பட்ட வேர் அந்தக் குடையைத் தாங்காது. அன்று வேம்பும் சில இடங்களில் விழுந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தாங்கல் கரையில் நின்ற பனைகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. பனையின் தலை சிறியது, தண்டு வளைந்து கொடுக்கக்கூடியது, அடியில் நார்வேர்கள் கற்றை கற்றையாக இறங்கி மண்ணைப் பற்றியிருக்கின்றன.

பனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். பனங்கொட்டையைப் புதைத்தால் முதலில் அது மேலே வளராது. முளை கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கும். அங்கே உருவாவதைத்தான் நாம் பொங்கலுக்குப் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். பிறகு பல ஆண்டுகள் வெறும் ஓலைக்கொத்தாகவே தரையில் நிற்கும். தண்டு கண்ணுக்குத் தெரியவே காலம் பிடிக்கும். பாளை விட்ட பிறகுதான் அது ஆண்பனையா பெண்பனையா என்பதே தெரியும். அவ்வளவு பொறுமையாக வளர்ந்த மரம் நூறாண்டு நின்று நுங்கும் பதநீரும் ஓலையும் தருகிறது. நம் மாநில மரமான அதை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்ததும் மிகச் சரியான செயல். நன்கொடை கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டே பூவைப் பார்க்க ஆசைப்படுவது இயல்புதான். ஆனாலும் கரையில் பனை விதைப்பதற்கு முதலிடம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுமார் 450 ஆண்டு வயதுடையது என்று சொல்லப்படும் அதன் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது அதன் விழுதுகளை. விழுது இறங்க மண் இருந்ததால் அந்த மரம் இருக்கிறது. கீழே ஓடு பதித்திருந்தால் தாய்மரத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

எத்தகைய இடரிலும் தங்குபவை எல்லாம் காக்கத்தக்கவை என்று நான் சொல்லவில்லை. ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்கூட எந்தப் பஞ்சத்திலும் சாகாதவைதான். மற்றவற்றை நெருக்கி அழித்துத் தாம் மட்டும் நிற்பவை அவை. சாக்கடை கலக்கக் கலக்க அவை பெருகும், நத்தையும் ஆம்பலும் குறையும். வரத்துக் கால்வாயில் கழிவுநீர் சேர்வதைத் தடுப்பதற்கு வரைபடத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை. நீரூற்றுக்கான தொகையை அப்படியே அதற்கு மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

மனிதர்களைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். நம் ஊர்ச் சதுப்புநிலமான கழுவெளியில் எருமை மேய்த்துப் பால் ஊற்றும் குடும்பங்களில் சில இன்னும் இருக்கின்றன. வயல் போனது, மேய்ச்சல் நிலம் அடுக்குமாடிகளுக்குப் போனது, ஆனால் அவர்கள் போகவில்லை. வீட்டுக்குள் கண்ணாடிவிரியன் வந்தால் இன்றும் நாம் தேடுவது இருளர்களைத்தான். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது அவர்களுடைய பிழைப்பே அறுந்தது. 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, அதே கைத்திறனால் நஞ்செடுத்து, நாடு முழுவதும் பாம்புக்கடி மருந்து செய்யத் துணைநிற்கிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். 2004-இல் சுனாமியில் படகையும் வலையையும் உறவையும் இழந்த கடற்கரைக் குப்பத்து மீனவர்களே 2015 வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரும் அழைப்பதற்கு முன்பே ஊருக்குள் வந்து நம் முதியவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். தாங்கல் சீரமைப்பில் கருத்துக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் இந்த மேய்ப்பவர்களும் இருளர்களும் இதுவரை சேர்க்கப்படவில்லை. எந்த இடத்தில் எது முட்டையிடும், எந்த மாதத்தில் எதைத் தொடக்கூடாது என்பதை அவர்கள் அறிந்திருக்கும் அளவுக்கு நாமோ நம் ஒப்பந்தக்காரரோ அறிந்திருக்கவில்லை.

கழுவெளியின் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாகவும், 1,247 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நம் தாங்கல் போன்ற சிறு நீர்நிலைகளுக்கு அத்தகைய பெயரும் காவலும் இல்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள நாம்தான் இருக்கிறோம்.

எனவே என் வேண்டுகோள் இது. சுவரை விட்டுவிட்டு மண்கரையைச் சரிவாகவே பலப்படுத்துவோம். தூர் வாருவதை இரண்டு கட்டமாகச் செய்வோம். முதியவர்கள் நடப்பதற்குக் கிழக்குக் கரையில் மட்டும் ஓடு பதிக்காத மண்பாதை போதும். மற்ற மூன்று கரைகளைப் பறவைகளுக்கு விட்டுவிடுவோம். கரைமேல் பனையும் பூவரசும், தண்ணீர் நிற்கும் தாழ்வில் நீர்மருதும் புங்கையும் நாவலும் வைப்போம். மாநகராட்சியிடம் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த மாற்றங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், உங்கள் ஒப்புதலையோ மறுப்பையோ வைகாசி முடிவதற்குள் எழுதுங்கள். ஆடியில் பனம்பழம் விழத் தொடங்கும். கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன்பு கரையில் புதைக்கும் பொறுப்பை இங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சமயத்தில் விடுமுறைக்கு வருபவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் உங்களுக்கும் ஒரு வரிசை ஒதுக்கிவைப்பேன்.

அன்புடன்,
ஊரிலிருந்து உங்கள் சகோதரன்